மாமாவின் பதக்கத்துக்குள் ஒரு குளவி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் முதுகலை விலங்கியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது. ஏற்காட்டில் காபித் தோட்டத்து மேஸ்திரியாக இருந்த அவருடைய தாய்மாமா, வெள்ளிக் கட்டுப் போட்ட தேன் நிறக் கல் பதக்கம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். உள்ளே பொடியாக ஒரு குளவி. "இந்த மலையிலேயே கிடைத்தது" என்கிறார் மாமா. இது புதைபடிவமா? புதிய சிற்றினமா? புதிதென்றால் எப்படி அறிவிப்பது? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பெயரை வைக்கலாமா?

முதலில் மாமாவின் கதையை முடித்துவிடுவோம். மலையில் கிடைத்திருக்காது. மாமா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு விற்றவர் அப்படிச் சொல்லி விற்றிருப்பார். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது, சாலைக்காக வெட்டிய பாறை முகத்தை ஒரு மழை நாளில் பாருங்கள். எண்ணெய் தடவியது போலப் பச்சை கலந்த கருமை. அதுதான் சார்னோகைட். கொல்கத்தாவில் புனித யோவான் ஆலய வளாகத்தில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான்; அதைப் பார்த்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1890களில் இந்தப் பெயரை வைத்தார். கல் நம் பக்கத்துக் கல், பேர் வங்காளத்தில் புதைந்த வெள்ளைக்காரருடையது. அது கிடக்கட்டும். சேர்வராயன் மலைப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்து மேலே வந்தது. குளவி வகையறாவின் மிகப் பழைய படிவங்கள் கிர்கிஸ்தானின் மாடிகென் பகுதியில் கிடைத்தவை. அவற்றுக்கே சுமார் 23 கோடி ஆண்டுதான். அதாவது நம் மலை வெந்து ஆறி 200 கோடி ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் முதல் குளவியே வருகிறது. மலையுச்சி பாக்சைட்டிலும் சரி, கீழே வெள்ளைக்கல் வெட்டும் இடத்திலும் சரி, கஞ்சமலை இரும்புப் பாறையிலும் சரி, பூச்சியைத் தேடிப் போக வேண்டாம். தமிழ்நாட்டில் படிவம் பார்க்க வேண்டுமென்றால் அரியலூருக்குப் போங்கள், கணவாயின் உறவினர்களான அம்மோனைட்டுகள் கொட்டிக் கிடக்கும். திருவக்கரைக்குப் போங்கள், கல்லான மரம் இருக்கிறது.

சரி, அப்படியானால் பதக்கத்தில் இருப்பது என்ன? வெள்ளிக்கிழமை சாம்பிராணியோடு தணலில் போடுகிறோமே குங்கிலியம், அதன் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் காயம் பட்டால் பிசின் வடிக்கும். பிசினில் பூச்சி ஒட்டும். மேலே இன்னொரு வடிப்பு விழுந்து மூடும். மண்ணுக்குள் புதைந்து, எளிதில் ஆவியாகும் பொருளெல்லாம் போய், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகினால் ஆம்பர். (செய்திகளில் 'கடத்தல்' என்று வருகிற அம்பர்கிரிஸ் வேறு; அது திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வருவது.) குஜராத்தில் தட்கேஷ்வர், வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் ஆம்பரை ஆராய்ந்து, 2010இல் ஒரு குழு 700க்கும் மேற்பட்ட கணுக்காலிகளைப் பற்றி எழுதியது. வயது 5 கோடி ஆண்டுக்கு மேல். அந்தப் பிசினை வடித்தவை டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள். நம் கிழக்கு மலைத்தொடர்க் காடுகளில் குங்கிலியம் என்றே சொல்லப்படும் ஷோரியா ராக்ஸ்பர்கீ மரமும் அதே குடும்பம்தான். ஆகவே மூத்த அண்ணன் என்று நான் சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை.

குங்கிலியத்துக்கும் ஆம்பருக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, கோபல். சில நூறு, சில ஆயிரம் ஆண்டு மட்டுமே ஆன அரைவேக்காட்டுப் பிசின். கடைகளில் ஆம்பர் என்று விற்பதில் கணிசமானது இதுதான், அல்லது பிளாஸ்டிக். சோதனை சுலபம். ஒரு தம்ளர் தண்ணீரில் உப்பு கரையாமல் அடியில் தங்கும் வரை போட்டுக் கலக்குங்கள். ஆம்பரும் கோபலும் மிதக்கும். கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் மூழ்கும். அடுத்து, ஓரமாக ஒரு துளி அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் திரவமே போதும். அரை நிமிடம் கழித்து விரலால் தொட்டால் கோபல் பிசுபிசுக்கும், ஆம்பர் அசையாது. குளவி இருக்கும் பக்கம் இதைச் செய்யாதீர்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

இந்தச் சோதனை எல்லாம் தேறினாலும் ஒரு வில்லங்கம் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பால்டிக் ஆம்பருக்குள் ஒரு ஈ இருந்தது. கக்கூஸ் ஈ என்று நாம் சொல்லக்கூடிய, இன்றும் பறக்கிற ஃபானியா ஸ்கலாரிஸ். ஈக்களின் பெரிய நிபுணரான வில்லி ஹென்னிக் 1966இல் அதை ஆராய்ந்து, இத்தனை கோடி ஆண்டாக மாறாத இனம் என்று வியந்து எழுதினார். 1993இல் ஆண்ட்ரூ ராஸ் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கின் சூட்டில் ஒரு விரிசல் தெரிந்தது. நிஜ ஆம்பரை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் குழி தோண்டி, ஈயை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கல் அசல், ஈ போலி. ஆகவே பூச்சியைச் சுற்றி வழவழப்பான குழி விளிம்பு தெரிகிறதா, கல்லின் குறுக்கே நேர்கோட்டில் ஒட்டுத் தடம் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். புதிது என்று எப்படித் தெரியும்?

என் கதை ஒன்று. பல ஆண்டுக்கு முன் ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில், சில்வர் ஓக் நிழலில், சோப்புத் தண்ணீர் ஊற்றிய மஞ்சள் தட்டுகளை வரிசையாக வைத்தேன். பொடிக் குளவிகள் மஞ்சள் நிறத்துக்கு வந்து விழும். இரண்டு நாள் கழித்து வடிகட்டினால் டீத்தூள் மாதிரி ஒரு சிட்டிகை. அதில் பாதி குளவி. ஒன்று மட்டும் எந்த அடையாளத் திறவிலும் (பண்பு பண்பாகப் பார்த்து இனத்தைக் கண்டுபிடிக்கும் அட்டவணை) அடங்கவில்லை. புதிது என்று முடிவு கட்டி, படம் வரைந்து, பெயர் கூட யோசித்து வைத்துவிட்டேன். ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த நினைப்பிலேயே ஓடியது. கடைசியில் அது ஏற்கெனவே விவரிக்கப்பட்டதுதான், வேறு பேரினத்தின் கீழ் தவறாக வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்தது. நான் தேடியது சரியான வீதி, தவறான ஊர். குளவியைப் பார்த்த நேரத்தைவிடப் பழைய கட்டுரைகளைப் பார்க்கும் நேரம் பல மடங்கு இருக்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. புதுச் சிற்றினம் காட்டில் பாதி, மேசையில் மீதி.

உங்கள் கல்லை மேசைக்குக் கொண்டுவருவோம். வெள்ளிக் கட்டைக் கழற்றியபின், மிக மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, குளவியின் பக்கவாட்டுக்கு இணையாக ஒரு தட்டையான முகம் வரும்வரை தேய்க்க வேண்டும். 1000 எண் தாளில் தொடங்கி 2000, 4000 என்று மேலே போகலாம். பத்து முறை தேய்த்தால் ஒரு முறை நுண்ணோக்கியில் பாருங்கள். குளவிக்கும் மேல்பரப்புக்கும் இடையில் கொஞ்சம் கல் மிச்சமிருக்க வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் இரண்டு தேய்ப்புத் தேய்த்து உணர்கொம்பின் நுனியை மாவாக்கியவர்கள் உண்டு. மீதி கீறல்கள் தெரியாமலிருக்க ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையைப் போடுங்கள். அந்த நொடி ஒரு திரை விலகினாற்போல இருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. இறக்கையின் மேல் மயிர் ஒவ்வொன்றும் நிற்கும்.

முதலில் இறக்கையை எண்ணுங்கள். இரண்டென்றால் ஈ, நான்கென்றால் மேலே பேசலாம். பின்னிறக்கையின் முன் விளிம்பில் ஜாக்கெட் கொக்கி மாதிரி குட்டிக் கொக்கிகள் இருந்து, முன்னிறக்கையில் மாட்டிக்கொண்டிருந்தால் குளவி வகையறா உறுதி. பிறகு இடுப்பு. நாம் குளவியிடை என்று பார்ப்பது உண்மையில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இல்லை. வயிற்றின் முதல் கண்டம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால்தான் சுருங்குகிறது. அடுத்தது நரம்புகள். முன்னிறக்கையின் நரம்புகள் அடைக்கும் அறைகளில் ஒன்று குதிரை முகம் போலிருந்தால் இக்நியூமோனிட் குடும்பம் நினைவுக்கு வர வேண்டும்; அதற்கு அப்பால் இரண்டாவது குறுக்கு நரம்பு ஒன்று இல்லாமற்போனால் பெரும்பாலும் பிராகோனிட். நரம்பே இல்லாமல் விளிம்பில் ஒரு கோடு மட்டும் ஓடினால் சால்சிட் பக்கம் போங்கள். உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள், வலது இடது இரண்டையும். ஒன்று ஒடிந்திருக்கலாம். பால் வெள்ளையாக ஒரு படலம் மூடியிருக்கலாம். ஒளியே நுழையாத கல்லென்றால் எக்ஸ்-கதிர் நுண்படம்தான் வழி. பிரான்சின் கிரனோபிலில் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ்-கதிரை வைத்து ஒளிபுகாத ஆம்பருக்குள் நூற்றுக்கணக்கான உயிர்களை 2008இல் கண்டார்கள்.

நம்மூரில் குளவி என்றால் மரத்தில் தொங்கும் கதண்டுக் கூடும், 'விஷ வண்டு கடித்து' என்று வரும் செய்தியும்தான் ஞாபகம் வரும். ஆனால் கல்லுக்குள் கிடைப்பதில் பெரும்பகுதி இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஒட்டுண்ணிக் குளவி. புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவி தன் இனமாக்கிக்கொள்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் புழு மாறுவதில்லை, தின்னப்படுகிறது. மியான்மரின் கச்சின் ஆம்பரிலிருந்து 2025இல் விவரித்த சைரெனோபெதிலஸ் கரிப்டிஸ் என்ற குளவிக்கு வயிற்று நுனியில் பூச்சி பிடிக்கும் செடியின் இலை போல மூடித் திறக்கும் மடல்கள். இரையைத் தின்ன அல்ல, முட்டையிடும் வரை பிடித்து வைத்துக்கொள்ள என்று ஊகிக்கிறார்கள். வயது 9.9 கோடி ஆண்டு. கையில் 16 பெண் குளவிகள் இருந்ததால்தான், மடல் திறந்தும் மூடியும் இருக்கும் நிலைகளைப் பார்த்து அப்படிச் சொல்ல முடிந்தது. உங்களிடம் ஒன்றுதான். ஒன்றை வைத்துக்கொண்டு, இது வேறு இனமா, அதே இனத்தின் ஆணா, கல் இறுகும்போது நசுங்கியதா என்று பிரிப்பது கடினம். மியூட்டிலிட் என்ற குடும்பத்தில் ஆணுக்கு இறக்கை உண்டு, பெண் இறக்கையில்லாமல் எறும்பு மாதிரி ஓடும். இரண்டையும் தனித்தனியாகக் கல்லில் பார்த்தால் யார் ஜோடி சேர்ப்பார்கள்?

கட்டுரை எழுதுவதைப் பற்றி. 'டயக்னோசிஸ்' என்றும் 'டிஸ்கிரிப்ஷன்' என்றும் இரண்டு பகுதிகள் வரும், மாணவர்கள் எல்லோரும் குழப்பிக்கொள்வது இதில்தான். பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்: வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று இரண்டே வரி இருக்கும் இல்லையா? அது டயக்னோசிஸ். கூட்டத்தில் இந்தப் பையனை மட்டும் பிரித்தெடுக்க எது தேவையோ அது. 'உணர்கொம்பு உண்டு, கால் ஆறு' என்று அங்கே எழுதினால் சிரிப்பார்கள். டிஸ்கிரிப்ஷனில் தலை முதல் முட்டையிடு குழல் வரை அளவோடு, நிறத்தோடு, தெரியாத பகுதி தெரியவில்லை என்றும் சேர்த்து எழுத வேண்டும். பின்னால் வருபவர் என்ன கேள்வியோடு வருவார் என்று இப்போது நமக்குத் தெரியாது, அதனால்.

விலங்குப் பெயர்களுக்குச் சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸின் நூலுடைய 1758ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கணக்கு. இன்றைய நிலையில், புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், பிரித்தறியும் பண்புகளைச் சொல்லியிருக்க வேண்டும், 1999க்குப் பிறகு வந்த பெயரென்றால் ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான அந்த ஒரே மாதிரி) எது, எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் குறித்திருக்க வேண்டும். 2012 முதல் இணையத்தில் மட்டும் வெளிவரும் கட்டுரையும் செல்லும், ஆனால் அந்த வெளியீட்டை ஸூபேங்க் என்ற பதிவேட்டில் பதிந்து அதைக் கட்டுரையிலேயே காட்ட வேண்டும். கட்டுரை வருவதற்கு முன் பெயரைச் செய்தியாளரிடம் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள்.

ஹோலோடைப்தான் எல்லாவற்றுக்கும் ஆணி. நிலம் வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் கேட்பார் அல்லவா, நகல் எத்தனை அழகாக இருந்தாலும்? பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது உங்கள் கட்டுரையில் அல்ல, அந்த ஒரு பூச்சியில். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்கிறோம். பிட்டதில் குட்டிக் குளவிகளும் இருக்கும், அவை இல்லாமல் அத்தி விதை பிடிக்காது. இங்கிலாந்தின் வைட் தீவில் 19ஆம் நூற்றாண்டில் எடுத்த கல்லில் இருந்த பொடிப் பூச்சி ஒன்றை, எறும்பு நிபுணரான ஹொரேஸ் டோனிஸ்தார்ப் 1920இல் பொனேரா மினுட்டா என்று எறும்பாக விவரித்தார். எறும்பு நிபுணருக்கு எறும்பாகத் தெரிந்தது. தொண்ணூறு ஆண்டு கழித்து, அத்திக் குளவிகளோடு வாழ்ந்த ஸ்டீபன் காம்ப்டனும் குழுவும் அதே கல்லை எடுத்துப் பார்த்தார்கள். அத்திக் குளவி! மகரந்தம் சுமக்கும் பை கூட அப்படியே. சுமார் 3.4 கோடி ஆண்டாக அந்த உடம்பு பெரிதாக மாறவில்லை. டோனிஸ்தார்ப் தவறு செய்தார், ஆனால் பூச்சி லண்டன் அருங்காட்சியக இழுப்பறையில் இருந்தது, அதனால் தவறு திருந்தியது. அது யார் வீட்டுப் பீரோவிலாவது இருந்திருந்தால் இன்றும் எறும்புதான்.

இதெல்லாம் பெயருக்காகப் பெயர் வைக்கும் வேலை என்று நினைப்பவர்களுக்கு சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர்ப் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டைக் காட்டுவேன். ஆப்பிரிக்காவில் 1970களில் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. 1977இல் பெனாகோக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார்கள். எதிரிப் பூச்சியைத் தேடித் தென் அமெரிக்காவின் வடக்கில் அலைந்தார்கள். அங்கே கிடைத்தது பார்க்க அதே போலிருந்த வேறு இனம். 1981இல் பராகுவேயில்தான் நிஜமான மாவுப்பூச்சி அகப்பட்டது, அதோடு அதை அடக்கும் அனகைரஸ் லோபெஸி என்ற குளவியும். அந்தக் குளவியை 1964லேயே டே சாண்டிஸ் என்ற பூச்சியியலாளர் விவரித்து வைத்திருந்தார், இப்படி ஒரு வேலை அதற்கு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 2020இல் அந்த மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, நம் ஜவ்வரிசி வட்டாரத்துக்கும் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்த லோபெஸியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து விவசாயிகளிடம் கொடுத்தார்கள்.

பெயருக்கு வருவோம். எழுத்து இலத்தீன் எழுத்தாக இருக்க வேண்டும், சொல் எந்த மொழியாகவும் இருக்கலாம். தமிழ்ச் சொல்லுக்குத் தடையில்லை. பண்புப் பெயரென்றால் பேரினத்தின் பாலுக்கேற்ப ஈறு மாறும். இடப் பெயருக்கு 'என்சிஸ்' சேர்ப்பது வழக்கம். ஆனால் கல் குஜராத்திலோ மியான்மரிலோ தோண்டியது என்று பின்னால் தெரிந்து, குளவிக்குப் பெயர் சேர்வராயனென்சிஸ் என்று இருந்தால்? பொருள் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை மாற்ற விதி இடம் கொடுக்காது. சூட்டியது சூட்டியதுதான். எங்கே தோண்டியது என்று தெரியாத கல்லில் புதுச் சிற்றினம் அறிவிப்பதையே நான் விரும்ப மாட்டேன்; வயது தெரியாத, அடுக்கு தெரியாத குளவி அரைக் குளவி. மியான்மர் கல்லென்றால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அங்கே சுரங்கப் பகுதியை 2017இல் ராணுவம் கைப்பற்றியதிலிருந்து, அதற்குப் பிறகு வெளிவந்த கல்லை வெளியிடலாமா என்ற விவாதம் நடக்கிறது. மாமா எந்த ஆண்டு, யாரிடம், எந்த ஊரில் வாங்கினார் என்று உட்காரவைத்துக் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள்.

இதற்கிடையில் கண்ணைப் பழக்க ஏற்காடே போதும். காபிக்காய்த் துளைப்பானை அடக்க இந்தியக் காபித் தோட்டங்களில் விட்ட செபலோனோமியா ஸ்டெபனோடெரிஸ் பெதிலிட் குடும்பம். ஆம்பரில் அந்தக் குடும்பம் ஏராளம். தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு மஞ்சள் தட்டு வையுங்கள், ஐம்பது குளவிகளின் இறக்கையை வரையுங்கள், பிறகு பதக்கத்தைப் பாருங்கள். வாழும் குளவியில் புதிது அகப்பட்டால், 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி மாதிரியை அறிவிக்கப்பட்ட காப்பகம் ஒன்றில் ஒப்படைத்தாக வேண்டும்.

கடைசியாக மாமாவிடம் பேச வேண்டிய விஷயம். கல் அசலாகி, குளவி புதிதாகி, கட்டுரையும் ஏற்கப்பட்டால், பதக்கம் வீட்டுக்குத் திரும்பாது. அது ஒரு பொது அருங்காட்சியகத்தின் எண் போட்ட பெட்டிக்குப் போய்விடும். லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம் போன்ற இடத்துக்கு எழுதிக் கேட்கலாம். இதைத் தேய்ப்பதற்கு முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள், தேய்த்த பிறகு அல்ல. செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த வெள்ளிப் பட்டறை இருந்தால் கட்டைக் கழற்றிக் கொடுப்பார்கள். ஊதுகுழல் காட்ட வேண்டாம், குறடால் மட்டும் நெம்பச் சொல்லுங்கள். சூடு பட்டால் கல் வெடிக்கும். வெள்ளியை மாமாவே வைத்துக்கொள்ளட்டும்.